டெரேரியம் ஆர்க்கிட்: கடற்கரை ஊரிலிருந்து சில ஆட்சேபணைகள்

யூடியூபில் ‘மினியேச்சர் ஆர்க்கிட் டெரேரியம்’ என்று தேடினால் வருகிற வீடியோக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் கூழாங்கல், மேலே கரி, பாசி, ஒரு மரத்துண்டு, அதில் கட்டைவிரல் உயரத்தில் இரண்டு மூன்று ஆர்க்கிட். கடைசியில் மூடியைப் போட்டு, பனிமூட்டம் கிளப்பி முடித்துவிடுவார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. என் ஆட்சேபணை வேறு. செடி செத்துப்போனால் இந்தக் குறிப்புகள் சொல்கிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஈரப்பதம் போதவில்லை.’ கடலூரிலும் சிதம்பரத்திலும் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. துவைத்த துணி இரண்டு நாள் காயாத ஊர் இது.

நானும் இரண்டு பெட்டி கட்டிப் பார்த்தவன்தான். முதல் பெட்டியில் மூன்றாவது வாரமே இலைகள் அடியிலிருந்து கறுத்தன. குறிப்புகள் சொன்னபடி இன்னும் தண்ணீர் தெளித்தேன். இன்னும் வேகமாகக் கறுத்தன. இரண்டாவது பெட்டியும் போன பிறகுதான், இந்தக் கண்ணாடிப் பெட்டி எந்த ஊரின் பிரச்சினைக்காகச் செய்யப்பட்டது என்று தேடத் தொடங்கினேன்.

லண்டன் பிரச்சினைக்காக. நதானியேல் வார்டு என்ற டாக்டர், நிலக்கரிப் புகையில் தன் பெரணிச் செடிகள் எல்லாம் செத்துப்போவதைப் பார்த்து நொந்துபோயிருந்தார். 1829-இல் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை மூடிய பாட்டிலில் ஈரமண்ணோடு வைத்திருந்தபோது, அந்த மண்ணில் ஒரு பெரணியும் புல்லும் தானாக முளைத்தன. மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் பட்டு நீராகித் திரும்ப இறங்கியது; வெளிப்புகை உள்ளே வரவில்லை. 1833-இல் இப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஆக, இந்தப் பெட்டி இரண்டு விஷயங்களைத் தடுக்கிறது: வறண்ட காற்று, அழுக்குக் காற்று. வெப்பத்தை அது தடுக்காது, பிடித்து வைக்கும். 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குச் சின்கோனா செடிகளை இதே வகைப் பெட்டிகளில்தான் கொண்டுவந்தார். செங்கடல் வெயிலில் அவை வாடிப்போயின. ஊட்டி வந்தும் பிழைக்கவில்லை.

ஆர்க்கிடுகளுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. 1830-களில் இங்கிலாந்தில் வெப்பமண்டல ஆர்க்கிட் என்றாலே அடைத்த கண்ணாடி வீடு, கடும் சூடு, கொட்டும் ஈரம் என்றுதான் நினைத்தார்கள். ஜான் லிண்ட்லி போன்ற பெரிய தாவரவியலாளரே அப்படித்தான் பரிந்துரைத்தார். ஏராளமான செடிகள் செத்தன. பிறகு சாட்ஸ்வொர்த்தில் ஜோசஃப் பாக்ஸ்டன் போன்றவர்கள் காற்றோட்டத்தைத் திறந்து, சூட்டைக் குறைத்த பிறகே செடிகள் தேறின. ‘வெப்பமண்டலம்’ என்ற ஒரே சொல்லுக்குள் மலையும் கடற்கரையும் அடங்கிவிடாது என்று அவர்கள் செடிகளைக் கொன்றுதான் கற்றுக்கொண்டார்கள். இன்றைய வீடியோக்கள் நம்மை மறுபடி அந்த முதல் வகுப்பிலேயே உட்கார வைக்கின்றன.

சரி, நம் ஊரில் என்னதான் நடக்கிறது? டெரேரியத்துக்கென்று சிபாரிசு செய்யப்படும் லெபாந்தஸ், மாஸ்டெவாலியா வகைகளில் பெரும்பாலானவை ஆண்டீஸ் மலையின் மேகக் காடுகளைச் சேர்ந்தவை. அங்கே பகல் மிதமாக இருக்கும். இரவு 10 - 15 டிகிரிக்கு இறங்கும். கடலூரில் மே மாத இரவு 26, 27 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். செடி பகலில் சேர்த்த சர்க்கரையை இரவில் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பகலில் சம்பாதித்ததை இரவே தின்று தீர்க்கிற குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? செடி வாடி விழாது. புது இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக வரும். நாம் அதை ‘மினியேச்சர்தானே’ என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

மூடி போட்டால் நிலைமை இன்னும் மோசம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? வெளிப்பக்கம் கசிகிற ஈரத்தைக் காற்று கொண்டுபோவதால். அதே பானையை பாலிதீன் பையில் கட்டி வைத்தால் குளிருமா? மூடிய பெட்டிக்குள் காற்று ஏற்கெனவே ஈரத்தில் நிறைந்துவிடுகிறது; இலையிலிருந்து நீர் ஆவியாக வழியில்லை, அதனால் குளிர்ச்சியும் இல்லை. எல்.இ.டி. விளக்கின் சூடு வேறு.

அடுத்தது வேர். இதைப் புரிந்துகொள்ள சிதம்பரத்துக்காரர்கள் எங்கேயும் போக வேண்டாம், பிச்சாவரம் போனால் போதும். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிடின் வேரும் காற்றுக்குப் பழகியதுதான். அதன்மேல் ‘வெலமென்’ என்ற பஞ்சு போன்ற உறை இருக்கும். மழை பட்டால் நீரை உறிஞ்சிப் பச்சையாகும்; காய்ந்தால் வெள்ளியாக வெளுக்கும். நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்க வேண்டும். எப்போதும் ஈரமாக இருக்கும் பாசியில் புதைத்து மூடி போட்டால், கண்டலுக்கு மூச்சு வேர் இல்லாமல் செய்த கதைதான்.

இதற்கெல்லாம் சாட்சியாக ஒரு செடி நம் ஊரிலேயே இருக்கிறது. வாண்டா டெசலேட்டா. ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தன் நூலின் முதல் தொகுதியில், 1795-லேயே, வேறொரு பேரினப் பெயரில் இதைப் படத்தோடு பதிவு செய்தார். பழைய மாமரக் கிளையில் வெயில், உப்புக்காற்று, ஐப்பசி மழை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கட்டம் போட்ட மஞ்சள்-பழுப்புப் பூ பூக்கும். மினியேச்சர் இல்லைதான்; ஆனால் இந்தக் கரையில் ஆர்க்கிடுக்கு என்ன வேண்டும் என்பதை எந்த வீடியோவைவிடவும் தெளிவாகச் சொல்கிறது. பக்கத்து வீட்டு ஆயாவிடம் காட்டினேன். “இது புல்லுருவி தம்பி, மரத்தத் தின்னுடும், புடுங்கிப் போடு” என்றார். ஆயாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘வாண்டா’ என்ற பெயரே ஒட்டுண்ணிச் செடியைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்ததுதான். உண்மையில் இது மரத்தில் தங்குமே தவிர மரத்தை உறிஞ்சாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தில் எத்தனை பழைய மரங்களைச் சாய்த்தது என்பது நமக்குத் தெரியும். மரம் போனால் அதில் குடியிருப்பதும் போகும். மிச்சம் இருப்பதைப் புல்லுருவி என்று பிடுங்கிவிட்டு, கண்ணாடிக்குள் மழைக்காடு செய்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் டெரேரியமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் காற்று உண்மையிலேயே வறண்டது. அங்கே பெட்டிக்கு வேலை இருக்கிறது. கரண்ட் போனால் மூடியைத் திறக்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண அறை என்றால் என் மூன்றாவது பெட்டியில் செய்ததைச் சொல்கிறேன். முதலில் செடி வாங்கவில்லை, குறைந்தபட்ச-அதிகபட்ச வெப்பமானி வாங்கினேன். ஒரு வாரம் இரவு அளவைக் குறித்த பிறகுதான் செடியைத் தேர்ந்தெடுத்தேன். மூடியை இரண்டு விரல் அகலம் திறந்து, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பொருத்தினேன். பாசிக்குப் பதில், பலமுறை ஊறவைத்து உப்பு போக்கிய தேங்காய் மட்டைத் துண்டுகள். போர் தண்ணீர் உப்பு. அதனால் மழைநீர் மட்டும். தரையில் வளரும் லுடிசியா டிஸ்கலர் கீழே. அதன் அழகு இலையில்தான், சூட்டையும் தாங்குகிறது. மேலே கட்டையில் தாய்லாந்துப் பக்கத்துச் சின்ன ஷோனார்க்கிஸ். இரண்டும் ஒரு கோடையைத் தாண்டிவிட்டன. பெரிய சாதனை இல்லை, ஆனால் சாகவில்லை.

வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: நர்சரியில் பெருக்கியதா, காட்டிலிருந்து எடுத்ததா? 1922-இல் நட்சன் சத்துக்கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைத்துக் காட்டிய பிறகு, காட்டைச் சுரண்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆர்க்கிடுக்கு உண்மையில் உதவிய கண்ணாடி, ஆய்வகத்தின் அந்தக் குடுவைதான். ‘மலையிலிருந்து நேரடியாக’ என்று பெருமையாக விற்பவரிடம் வாங்காதீர்கள். அந்தச் செடி நம் இரவைத் தாங்காது. அது இருந்த கிளையிலும் இப்போது அது இல்லை.