வேதியியலாளர் நட்ட மரங்கள்

தாம்பரம் சேலையூர்க் காட்டில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் வளாகம் இன்று பசுமையாக நிற்பதில் எட்வர்டு பார்ன்ஸ் தம்பதிக்குப் பெரும் பங்குண்டு. பிரிட்டனிலிருந்து வந்த பார்ன்ஸ் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். 1937இல் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிபெயர்ந்தபோது, ஏறக்குறைய 365 ஏக்கரில் பெரும்பகுதி முட்புதர்தான். அவரும் மனைவி ஆலிஸும் அதில் ஊர் ஊராகத் தருவித்த மரவகைகளை நட்டார்கள். தாவரவியல் அவருடைய பாடமல்ல என்பதை நினைத்தால் வியப்பு கூடும்.

விடுமுறைகளில் அவர் மலையேறிச் செடி சேகரித்தார். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அரிசீமாக்கள்மீது தனி ஈர்ப்பு. பாம்புப் படம்போல் கவிந்த மடலுடைய இந்தச் செடிகளில் பலவும் இளைத்திருக்கையில் ஆணாகவும், கிழங்கு பருத்தபின் பெண்ணாகவும் பூக்கும். சோதனைக்கூடத்தில் மாற்றங்களைக் கவனித்துப் பழகியவருக்கு ஏற்ற செடிதான். அவற்றில் ஒன்றுக்குத் தாவரவியலாளர் சி. இ. சி. பிஷர் 'அரிசீமா பார்ன்சியை' எனப் பெயரிட்டார். பார்ன்ஸ் 1941இல் மறைந்தார். 1948இல் ஒரு மலைக்கொடியும் 'செரோபீஜியா பார்ன்சியை' என்று அவர் பெயரைப் பெற்றது.