திரளின் நிர்வாணம்

2007 மே மாதம் மெக்சிகோ நகரின் சோகலோ சதுக்கத்தில் ஏறத்தாழ 18,000 பேர் ஆடை களைந்து அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸ்பென்சர் டூனிக்கின் கேமரா முன் நின்றார்கள். அதற்கு முன், 2003இல் பார்சலோனாவில் 7,000 பேர் கூடியிருந்தார்கள். டூனிக்கைப் பற்றிய பேச்சில் முதலில் வந்து நிற்பவை இந்த எண்கள்தாம். படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதன் தரத்துக்குச் சான்றாகுமா?

ஆபாசம் என்ற குற்றச்சாட்டைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடலாம். 1990களில் நியூயார்க் காவல்துறை அவரைப் பலமுறை கைது செய்தது. மாநகர நிர்வாகத்தை எதிர்த்து அவர் வழக்காடினார். 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மாநகருக்கு ஆதரவாகத் தலையிட மறுத்த பிறகு தடையின்றிப் படமெடுத்தார். சட்டத்தின் விடை இது. படங்கள் தரும் விடை இன்னும் வலுவானது. தனியொரு நிர்வாண உடல் பார்வையைச் சுண்டி இழுக்கும்; ஆயிரம் உடல்கள் சேர்ந்தால் அந்தக் கிளர்ச்சி அடங்கிவிடுகிறது. முதியவர், பருத்தவர், தழும்பேறியவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். உடையோடு பணமும் பதவியும் கழன்று விழுகின்றன. விளம்பரங்கள் பொறுக்கியெடுத்த உடல்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நல்ல மருந்து.

ஆனால் பணத்தோடும் பதவியோடும் முகமும் போய்விடுகிறது. இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1918இல் ஒளிப்படக் கலைஞர் ஆர்தர் மோல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் கேம்ப் டாட்ஜ் முகாமில் 18,000 படைவீரர்களை நிறுத்திச் சுதந்திர தேவி சிலையின் உருவத்தை அமைத்துப் படமெடுத்தார். சுதந்திரத்தின் உருவம் அமைய ஒவ்வொரு வீரனும் ஆணைப்படி ஒரு புள்ளியாக நின்றான். டூனிக்கிடம் வருபவர்கள் தாமாக வருகிறார்கள். இந்த வேறுபாடு பெரியது. ஆயினும், விடுதலை தேடி வந்தவர்கள் ஒலிபெருக்கியின் சொற்படி குனிந்தும் படுத்தும் புள்ளிகளாகும்போது படத்தில் மிஞ்சுவது ஒழுங்கு மட்டுமே.

நிகழ்வே கலை, படம் அதன் பதிவு என்று அவருடைய ஆதரவாளர்கள் வாதிடக்கூடும். பங்கேற்றவருக்கு ஊதியம் கிடையாது. படத்தின் ஒரு பிரதி கிடைக்கும். கூச்சத்தைக் கடந்த அந்தக் காலைப்பொழுது அவருக்கு மதிப்புமிக்கதுதான். ஆனால் அங்கு இல்லாத நமக்குக் கிடைப்பது காட்சிக்கூடச் சுவரில் தொங்கும் படம். அது தன் காலிலேயே நிற்க வேண்டும்.

அதற்கு ஓர் அளவுகோல் உண்டு: இதே மக்கள் உடையணிந்து நின்றிருந்தால் படம் எதை இழந்திருக்கும்? 2010இல் சிட்னி ஆப்பெரா ஹவுஸ் படிகளில் 5,200 பேர் கூடினார்கள். அங்கே புகழ்பெற்ற கட்டடம் பின்திரையாக நிற்கிறது; வியப்பு மிஞ்சுகிறது, பொருள் மிஞ்சவில்லை. 2016இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் 3,200 பேர் நான்கு வகை நீலம் பூசி நின்றார்கள். துறைமுக நகரின் தெருக்களில் கடல் புகுந்தது போன்ற அந்தக் காட்சியில் வண்ணம் உண்மையாகவே வேலை செய்கிறது. அதே வண்ணம் நிர்வாணத்தைத் தேவையற்றதாக்கியும் விடுகிறது.

2007 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் அலெட்ச் பனியாற்றில் எடுத்த படம் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. புவி வெப்பமாதலை உணர்த்த கிரீன்பீஸ் அமைப்புடன் சேர்ந்து எடுத்தது. நின்றவர்கள் சுமார் 600 பேர். சுருங்கிவரும் பனியின்மேல் வெறும் தோல். இங்கே உடை வந்தால் படம் செத்துவிடும். உடலின் நலிவும் பனியின் நலிவும் ஒரே சட்டகத்துக்குள் ஒன்றையொன்று விளக்குகின்றன.

இந்தப் படத்தில் இருப்பவர்கள் சோகலோவில் நின்ற திரளில் முப்பதில் ஒரு பங்கு. டூனிக்கின் பெரும்பாலான படங்கள் நல்ல நிகழ்வுகளின் நடுத்தரப் பதிவுகள். இடமும் உடலும் ஒன்றுக்கொன்று தேவைப்படும் சில படங்களில் மட்டுமே அவர் கலைஞர். தலை எண்ணுவதை விட்டுவிட்டு அந்தச் சில படங்களைக் கொண்டு அவரை மதிப்பிடுவதே நியாயம்.