பொக்கைப் பல் சக்கரம்

காருக்குப் பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சுவது, பொறியை எப்போது தட்டுவது என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டர் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆசாமிகள் இருக்கிறார்கள். ப்ரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2001 வாக்கில் ஆரம்பித்துவைத்த 'மெகாஸ்க்வர்ட்' இதில் மூத்தது. 'ஸ்பீடுயினோ' இளையது, ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடுவது. இரண்டையும் புகழ ஆள் நிறைய. எனக்கு ஒரே ஒரு மூலையில்தான் சண்டை: கிராங்க் சென்ஸரின் கம்பி உள்ளே நுழையும் இடம்.

பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் பெட்டியின் புத்திசாலித்தனம் அத்தனையும் வேஸ்ட். அதைச் சொல்வது கிராங்க்கோடு சுற்றும் பல் சக்கரம். ஃபோர்டு பாணியில் 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று பொக்கை. பாஷ் பாணியில் 60-க்கு இரண்டு பொக்கை. பொக்கையை வைத்துத்தான் எண்ணிக்கை தொடங்கும். பக்கத்தில் ஒரு காந்தம், அதில் சுற்றிய கம்பிச்சுருள். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின் அலை வரும்.

கேட்க சுலபம். ஆனால் ஸ்டார்ட்டர் முக்கி முனகிச் சுற்றும்போது அந்த அலை ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக இருக்கலாம். அதே சென்ஸர் என்ஜின் அலறும்போது பல பத்து வோல்ட் தரும். கிசுகிசுப்பவரும் கத்துபவரும் ஒரே ஆள்! கூடவே இக்னிஷன் காயிலின் இரைச்சல் வேறு. இதிலிருந்து சுத்தமான சதுர அலையை எடுத்துத் தரவேண்டும். தப்பாக எண்ணினால் பொறி முன்கூட்டியே விழும். ஸ்டார்ட்டரை எதிர்த்து உதைக்கும், அல்லது பிஸ்டனில் ஓட்டை.

மெகாஸ்க்வர்ட்டின் மூன்றாம் பதிப்புப் பலகை இதற்கு ஒரு சர்க்யூட் தந்தது. நல்லது. ஆனால் அதில் ஆர்52, ஆர்56 என்று இரண்டு குட்டித் திருகுகள். இரண்டையும் இடப்புறமாகத் திருகிவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொள்ள வேண்டும். எந்த சென்ஸருக்கும் பொருந்தட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஆஸிலோஸ்கோப் இல்லாதவர் என்ன செய்வார்? என்ஜின் ஓடும் வரை திருகுவார், ஓடியதும் திருப்புளியைக் கீழே வைப்பார். ஓடுவதும் சரியாக ஓடுவதும் ஒன்றா, சொல்லுங்கள். வடிவமைத்தவர் எடுக்கவேண்டிய முடிவை வாடிக்கையாளர் தலையில் கட்டியதாகவே எனக்குப் படுகிறது.

இத்தனைக்கும் நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்1815 என்ற சில்லு இருந்தது. முந்தைய அலையின் உச்சத்தில் எண்பது சதவிகிதத்தைத் தொட்டால்தான் அது விழித்துக்கொள்ளும். பிறகு அலை பூஜ்யத்தைத் தாண்டும் கணத்தில் சைகை தரும். வேகம் ஏற ஏற வாசலும் தானாக உயரும். திருகு வேண்டாம். பின்னால் வந்த மாக்ஸிமின் மாக்ஸ்9926-க்கும் இதே குணம். அங்கே வாசல் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு.

ஸ்பீடுயினோ இதில் நேர்மை. 0.4 பலகையில் இந்த வேலைக்கு சர்க்யூட்டே இல்லை, தனிக் குட்டிப் பலகையைச் செருக ஒரு சாக்கெட் மட்டும். தெரியாத வேலையைத் தெரிந்தவனிடம் விடுவது மேல். ஒரே சங்கடம், மாக்ஸ்9926-ன் பதினாறு கால்கள் 0.635 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. சால்டரிங் அயர்னும் நடுங்கும் கையுமாக உட்கார்பவருக்கு அது கொசுவுக்கு வளையல் மாட்டுகிற வேலை. ஆகவே வீட்டிலேயே செய்யப் புறப்பட்டவர் இதை மட்டும் கடையில் வாங்குகிறார். பதினாலு பருத்த கால்களோடும் வந்த எல்எம்1815-க்குத்தான் என் ஓட்டு.

எந்தச் சில்லும் மன்னிக்காத தப்பு ஒன்று உண்டு. சென்ஸரின் இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிடுவது. பல்லின் நடுவில் அலை சரேலென்று பூஜ்யத்தைத் தாண்டும், அந்தப் பக்கத்தைத்தான் பிடிக்கவேண்டும். மாறிப்போனால், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சோம்பேறித்தனமாகத் தாண்டும் பக்கம் சிக்கும். பொக்கை வரும்போது அது இன்னும் வழுக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதுதான் இதில் விஷமம். வேகம் கூடியபின் டைமிங் நகர்ந்து, பொக்கை தொலைந்து, முக்கத் தொடங்கும். ஃப்யூயல் மேப்பில் நம்பர்களை மாற்றி மாற்றி ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைப்பதற்கு முன், அந்த இரண்டு கம்பிகளையும் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். செலவு பூஜ்யம்.