காற்கூறும் முக்காற்கூறும்: தமிழிலக்கியக் கற்பித்தலில் மெய்நிகர் கற்றல் சூழல்

ஆய்வுச்சுருக்கம்: பல்கலைக்கழகத் தமிழ்க் கற்பித்தலில் பயன்படும் மெய்நிகர் கற்றல் சூழல்களை நன்னூல் கூறும் பாடங்கேட்கும் முறையைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. திருத்தங்கல், சிவகாசி வட்டார மாணவரின் கற்றல் நிலையும், சிலப்பதிகாரத்தில் இடம்பெறும் தங்கால் கதையும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் கற்றல், நன்னூல், தமிழ் இணையக் கல்விக்கழகம், மூடில், தங்கால், கட்டுரை காதை.

மாணவன் எவ்வளவு கற்கிறான் என்பதற்குப் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் சொல்வதை முழுதும் உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால்பங்கே. உடன்பயில்வாரோடு கலந்து பயில்வதால் இன்னொரு கால்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைக்கும்போதே வந்து சேரும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த இக்கணக்கைக் கல்வியியல் வகுப்புகளில் பழம்பெருமை பேசும் மேற்கோளாகப் பயன்படுத்துவதே வழக்கமாகிவிட்டது. இன்றைய மெய்நிகர் கற்றல் சூழல்களை அளக்கும் கோலாக இதனைக் கொண்டால், பயன் அதிகம்.

தமிழுக்கென உருவான முதன்மையான மெய்நிகர்க் கல்வி நிறுவனம் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் ஆகும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி இதனை அறிவித்தார். முனைவர் வா. செ. குழந்தைசாமியின் வழிகாட்டலில் உருப்பெற்று, 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கப்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் என்பது பின்னர் அமைந்த பெயர். இதன் மின்னூலகம் தமிழாய்வாளர்க்குச் செய்துவரும் உதவி அளப்பரியது. மூலநூல்கள், உரைகள், அகராதிகள் ஆகியவற்றைச் சிற்றூரிலிருந்தும் ஒருவர் இன்று எட்ட முடிகிறது. இவ்வாய்வாளரின் தலைமுறைக்கு நூலகப் பேருந்துப் பயணங்கள் குறைந்தமைக்கு இதுவே காரணம்.

நூலகத்தின் சிறப்பைப் பாடங்களுக்கும் ஏற்றிச் சொல்ல இயலவில்லை. ஒவ்வொரு பாடமும் அது சொல்வது யாது, படிப்பதால் பெறும் பயன் யாது என்னும் முன்குறிப்போடு தொடங்கி, உட்பிரிவுகளாக விரிந்து, இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்களைக் கொண்டு, தொகுப்புரையில் முடிகிறது. கடல் கடந்து வாழும் தமிழர் தனித்திருந்து பயிலவேண்டும் என்னும் நோக்கிற்கு இவ்வமைப்புப் பொருந்துவதே. ஆயினும் வினாவைச் சொடுக்கினால் விடை வந்து நிற்கிறது. மாணவர் எழுதவேண்டிய இடம் அங்கில்லை; எழுதினாலும் படிப்பதற்கு மற்றொரு மாணவர் இல்லை. முதற் காற்கூறு செம்மையாகத் தரப்படுகிறது. எஞ்சிய முக்காற்கூறுக்கு இடமே வகுக்கப்படவில்லை.

மூடில் மென்பொருளின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டோகியாமாஸ் உருவாக்கிய இதன் முதற்பதிப்பு 2002இல் வெளிவந்தது. பிறர் காண ஒன்றை ஆக்கும்போதே மனிதர் நன்கு கற்கின்றனர் என்னும் சமூக ஆக்கவியற் கொள்கையே இதற்கு அடிப்படை. பவணந்தியாரின் அரைப்பங்குக்கு இது மிக அருகில் நிற்கிறது. தன் விடையைப் பதிந்த பின்னரே பிறர் விடையைக் காணவிடும் வினா மன்றம், மாணவரே மாணவர் எழுத்தை மதிப்பிடும் பட்டறை, கூடி எழுதும் விக்கி ஆகிய கருவிகள் இதில் உள்ளன. நம் தமிழ்த்துறைகளில் மூடிலோ கூகுள் கிளாஸ்ரூமோ பெரும்பாலும் எதற்குப் பயன்படுகின்றன? ஆசிரியரின் குறிப்புகளைப் பிடிஎஃப் கோப்பாக ஏற்றவும் ஒப்படைப்புகளை வாங்கி வைக்கவுமே. உரைக்கும் கூடமாக ஆக்கப்பட்டது அறிவிப்புப் பலகையாகச் சுருங்கியது. இக்குறை மென்பொருளுக்கு உரியதன்று.

தங்காலும் கைப்பேசியும்

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபின் நேர்ந்தவற்றைத் திருத்தங்கல் வட்டாரத்தில் வைத்துக் காண்பது பொருத்தம். திருத்தங்கல் 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளே இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ் வகுப்புகளில் கணிசமாக அமர்கின்றனர். கல்லூரிகள் தம் கால அட்டவணையை அப்படியே கூகுள் மீட்டிற்கு மாற்றின. காலை 10 மணி வகுப்பு காலை 10 மணிக்கே நடந்தது. வீட்டில் ஒரே கைப்பேசி. அது வேலைக்குச் செல்பவரோடு செல்லும். வெடிமருந்து புழங்கும் அறைகளுக்குள் கைப்பேசி கொண்டு செல்லலாகாது என்பது பாதுகாப்பு நெறி. எனவே வகுப்பு நேரத்தில் அக்கருவி மாணவியிடமும் இராது, பெற்றோரின் கையிலும் இராது. ஆலை வாயிலில் கிடக்கும். வருகைப்பதிவு மட்டும் தவறாமல் எடுக்கப்பட்டது.

2021 சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவினைத் தமிழக அரசு விலையின்றி வழங்கியது. தேவையான உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வட்டாரத்தில் தட்டுப்பாடு தரவுக்கு மட்டும் இல்லை, பகற்பொழுதின் ஒரு மணிநேரத்திற்கும் இருந்தது. மெய்நிகர் சூழலின் தனிச்சிறப்பே காலத்தின் பிடியிலிருந்து வகுப்பை விடுவிப்பது. இரவு 9 மணிக்குக் கைப்பேசி வீடு திரும்பியபின் மாணவி பாடத்தினுள் நுழையலாம். அந்த ஒரு நன்மையைக் கைவிட்டுவிட்டுத் திரையை மட்டும் ஏற்றுக்கொண்டோம்.

இந்த ஊரே பாடநூலில் இருக்கிறது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் கதையின் களம் தங்கால். சேரனிடம் பெரும்பொருள் பெற்றுத் திரும்பும் பராசரன் அவ்வூர்ப் போதி மன்றத்தில் தங்கி, விளையாடும் சிறுவரைத் தன்னோடு ஒப்ப ஓதுமாறு அழைக்கிறான். வார்த்திகன் மகன் தக்கிணன், பால்மணம் மாறாத மழலை நாவால் பிழையின்றி ஓதி அணிகலன்களைப் பரிசாகப் பெறுகிறான். பொறாமை கொண்டோர் சொல்லால் தந்தை சிறைப்படுகிறான். ஐயை கோயிற் கதவு திறவாது போகிறது. உண்மையறிந்த பாண்டியன் அவனை விடுவித்துத் தங்காலையும் வயலூரையும் அளிக்கிறான். அணிகலன் வைத்திருந்ததாலேயே ஒருவன் கள்வனாகக் கருதப்படும் இக்கதை கோவலன் கதைக்கு எதிர்முகமாக அமைந்தது. பாண்டியன் ஒருமுறை தன் பிழையைத் திருத்திக்கொண்ட ஊரும் தங்காலே. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், தங்கால் முடக்கொல்லனார் எனத் தொழிலடையோடு சங்கப் புலவர்களைத் தந்த ஊரும் இதுவே. பட்டறையில் உழைத்தவரும் இங்குப் பாடியிருக்கின்றனர்.

இப்பகுதியைப் பொழிப்புரைக் கோப்பாக ஏற்றினால் மாணவர் தேர்வுக்கு முதல்நாள் அதனைத் தரவிறக்குவர். மாறாக, வினா மன்றத்தில் ஒரே வினா எழுப்பலாம்: வார்த்திகனுக்குக் கிடைத்த நீதி கோவலனுக்கு ஏன் கிடைக்கவில்லை? தட்டச்சு வாராத மாணவர் மூன்று நிமிடக் குரற்பதிவாக, தம் வட்டாரப் பேச்சிலேயே உரை சொல்லலாம். இருவர் பதிவுகளைக் கேட்டு மறுத்தோ உடன்பட்டோ மற்றொருவர் பேசவேண்டும். உரையாசிரியர் மரபில் பிறர்உரையை எடுத்துக்காட்டி மறுப்பது இதுவன்றி வேறில்லை. தக்கிணன் செய்தது உடன் ஓதுதல் மட்டுமே. ஓதியதை உரைக்கும் இடம் கல்லூரி மாணவர்க்கேனும் வாய்க்கவேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். மெய்நிகர் வழிக் கற்றலின் பங்கைக் கொள்கை அளவில் பல்கலைக்கழக மானியக் குழு உயர்த்திக்கொண்டே வருகிறது. சுவயம் வழிப் பெறத்தக்க மதிப்பலகுகளின் உச்சவரம்பு 2016 நெறிமுறையில் 20 விழுக்காடு. 2021இல் அது 40 விழுக்காடாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த கலப்புக் கற்பித்தல் கருத்துருவும் ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழி நடத்த இடமளித்தது. இவை யாவும் முதற் காற்கூற்றின் அளவைப் பற்றியனவே. 60 மாணவரின் குரற்பதிவுகளை மும்மூன்று நிமிடம் கேட்பதற்கு மட்டும் ஆசிரியர்க்கு 3 மணிநேரம் வேண்டும். மறுமொழி கூற மேலும் அத்தனை நேரம். 2018 நெறிமுறைகள் உதவிப் பேராசிரியர்க்கு விதிக்கும் வாரம் 16 மணிநேர நேரடிக் கற்பித்தலில் இவ்வுழைப்பு எந்தக் கணக்கில் சேரும்? தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர் இதனை இரவில், ஊதியமின்றியே செய்ய வேண்டியிருக்கும். மன்றங்கள் வெறிச்சோடிக் கிடப்பதற்கு மாணவரின் அக்கறையின்மையைக் காரணம் கூறுவோர், கேட்பதற்கென ஒதுக்கப்பட்ட மணிநேரம் எத்தனை என்பதை முதலில் பார்க்கலாம்.