அதே பாறை, அதே குதிரை

கௌபாய் படம் என்றதும் நம்மில் பலருக்கு 'மெக்கன்னாஸ் கோல்டு' நினைவுக்கு வரும்; இல்லாவிட்டால் சுருட்டும் கையுமாக கிளின்ட் ஈஸ்ட்வுட். என் ஓட்டு, அவற்றுக்கு முன்பே வந்த சில சின்னப் படங்களுக்கு. 1956 முதல் 1960 வரை பட் பெட்டிகர் இயக்க, ராண்டால்ஃப் ஸ்காட் நடித்த ஏழு வெஸ்டர்ன்கள். எதுவும் ஒன்றரை மணி நேரத்தைத் தொடாது.

ஏழில் ஆகச் சிறந்தவை, பர்ட் கென்னடி திரைக்கதை எழுதிய நான்கு: 'செவன் மென் ஃப்ரம் நவ்', 'தி டால் டி', 'ரைடு லோன்சம்', 'கமாஞ்சி ஸ்டேஷன்'. நான்கிலும் கலிஃபோர்னியாவின் லோன் பைன் பக்கத்து அலபாமா குன்றுகள்தான் களம். உருண்டு திரண்ட அதே பாறைகள், பின்னால் அதே சியரா நெவாடா மலை. ஊரும் கூட்டமும் காட்டப் பணம் இல்லை. ஆகவே ஐந்தாறு பேர், சில குதிரைகள், ராத்திரிக்கு ஒரு கணப்பு. கண் போக வேறு இடமில்லாததால் மனிதர்களையே பார்க்கிறோம். வறுமை இங்கே குறையல்ல, அதுதான் வடிவத்தைக் கொடுத்தது.

ஸ்காட்டுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. முகத்தில் ஒன்றும் தெரியாது. வார்த்தையும் அளந்துதான் வரும். அந்த மௌனத்துக்கு எதிரே வில்லனைப் பேசவிடுகிறார் கென்னடி. லீ மார்வின், ரிச்சர்ட் பூன் என்று வில்லன்கள் எல்லோரும் ஹீரோவைவிட சுவாரசியமானவர்கள். 'தி டால் டி'யில் பூன் ஒரு கொலைகாரக் கும்பலின் தலைவன். ஆனால் அவன் ஏங்குவது, பிணைக்கைதியாகப் பிடித்து வைத்திருக்கும் ஸ்காட்டைப் போல ஒரு துண்டு நிலத்துக்கும் மரியாதையான பேச்சுத்துணைக்கும்தான். அதே படத்தில், வண்டி நிலையத்துச் சிறுவனுக்காக ஸ்காட் டவுனிலிருந்து கோடு போட்ட மிட்டாய் வாங்கி வருகிறார். வந்து சேரும்போது சிறுவனும் அவன் அப்பாவும் கிணற்றுக்குள் பிணமாகக் கிடக்கிறார்கள். பிணத்தை நமக்குக் காட்டுவதில்லை. அந்த மிட்டாய் போதும், வயிற்றைப் பிசைந்துவிடும்.

ஜேம்ஸ் கோபர்னுக்கு 'ரைடு லோன்சம்' (1959)தான் முதல் படம். கொஞ்சம் மந்தமான அடியாள் வேடம். பழைய குற்றங்களுக்கு மன்னிப்புக் கிடைத்ததும் பண்ணையில் உனக்கும் பங்கு உண்டு என்கிறான் கூட்டாளியாக வரும் பெர்னல் ராபர்ட்ஸ். ஏன் என்று விழிக்கிறான் இவன். உன்னைப் பிடிக்கும், அதனால்தான் என்று பதில் வருகிறது. இத்தனை வருஷம் கூடவே குதிரையேறியும் அது தெரியாமல் போயிற்றே என்று கோபர்ன் முகம் மலர்ந்து குழம்புகிற அந்த நொடிக்கு ஒரு பைசா செலவில்லை. பெரிய பட்ஜெட் படங்களில் இப்படி ஒரு காட்சி எடிட்டிங்கில் முதலில் பலியாகும்.

குறை இல்லாமல் இல்லை. செவ்விந்தியர்கள் பெரும்பாலும் முகமற்ற ஆபத்தாகத்தான் வந்து போகிறார்கள். பெண்கள் காப்பாற்றப்படுவதற்கென்றே இருக்கிறார்கள். அக்காலத்து ஹாலிவுட்டின் கோணல்கள் இவற்றிலும் உண்டு.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'ரைடு லோன்சம்' படத்தில் தொடங்குங்கள். எழுபத்து மூன்றே நிமிடம். சினிமாஸ்கோப்பில் எடுத்தது, செல்போனில் பார்த்து வீணாக்காதீர்கள்.