சுரங்கமா, லம்பமா?

மொழிபெயர்ப்பில் இடர் விளைப்பன அருஞ்சொற்களே என்று பலரும் கருதுவர். அருஞ்சொல் எதிர்ப்பட்டால் மாணவன் நின்று அகராதியைப் புரட்டுவான். எளிய சொல்லோ அவனை நிறுத்துவதில்லை. முன்பே அறிந்த பொருளொன்றை நீட்டி, அறியாத பிழைக்குள் அழைத்துச் சென்றுவிடும். பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்குவதில் நேரும் பிழைகளுள் பல இவ்வகையினவே.

இதற்குத் தமிழ் இலக்கணத்தில் வழி உண்டு. பலபொருள் ஒருசொல்லின் பொருள், அது கொள்ளும் வினையாலும், அடுத்து நிற்கும் இனத்தாலும், சொல்லப்படும் சார்பாலும் தெளியப்படும் என்பது தொல்காப்பியர் கருத்து. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. தமிழ்ச் சொல்லுக்கு வகுத்த இவ்விதி பிறமொழிச் சொல்லைப் பெயர்ப்பவனுக்கும் உரைகல்லாகும்.

பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த லகாட் வட்டாரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் சந்திக்கும் சொல் ‘மைன்’ என்பது. நிலத்தடிப் பொருளைத் தோண்டி எடுக்கும் இடமும் மைன். போர்க்களத்துக் கண்ணிவெடியும் மைன். வெடியைச் சுரங்கமென்று எவரும் எழுதார். அங்கே சார்பு காத்துவிடுகிறது. இடர் முதற்பொருளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மைன் என்றவுடன் ‘சுரங்கம்’ என்று எழுதுவது கை பழகிய வழக்கம். ‘ஈயச் சுரங்கம்’ என்னும் தொடர் இவ்வாறே பரவியது.

சுரங்கம் என்பது நிலத்தைக் குடைந்து செல்லும் வழி. பகாங் மாநிலத்துச் சுங்கை லெம்பிங்கில் பாறையைக் குடைந்து ஆழத்தில் ஈயம் எடுத்தனர். அங்கே அச்சொல் முற்றும் பொருந்தும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமோ பெரும்பாலும் ஆறுகள் கொணர்ந்து சேர்த்த வண்டலில் கிடந்தது. அங்கு நிகழ்ந்த வினைகளை நோக்குக: நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தனர், கரைந்த சேற்றை எக்கியால் மேலேற்றினர், ‘பாலோங்’ என்னும் நெடிய பலகை வாய்க்காலில் ஓடவிட்டனர், கனத்த ஈயமணல் அடியில் தங்கிற்று. தட்டேந்திய பெண்கள் நீரில் நின்று ஈயம் அரித்தனர். கரைத்தல், ஏற்றுதல், அரித்தல் என்னும் இவ்வினைகளுள் குடைதல் இல்லை. உடன்வரும் இனச்சொற்களும் குட்டை, மணல், சேறு என்பனவே. ஆகவே வினையும் இனமும் சுரங்கம் என்னும் சொல்லை ஒருங்கே மறுக்கின்றன.

நெய்வேலியில் ‘திறந்தவெளிச் சுரங்கம்’ என வழங்குகின்றனரே என்று வினவலாம். அடைமொழி சேர்ந்து பொருளைக் காப்பதால் அத்தொடர் தொழில்நுட்ப நூலுக்கு ஏற்றதே. அடையின்றி நிற்கும் சுரங்கமே படிப்பவனை மயக்கும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற கோலாரைத் தமிழர் ‘தங்கவயல்’ என்றனர். திறந்தவெளியில் சேறு கரைத்த கிந்தாவைச் ‘சுரங்கம்’ என்கின்றனர்! இரண்டும் ஆங்கிலச் சொல்லின் நிழலில் பிறந்தவை.

உழைத்த மக்கள் வழங்கிய சொல் வேறு. மலாயின் ‘லொம்போங்’ என்பதைத் தம் நாவுக்கேற்பத் திருத்தி ‘ஈய லம்பம்’ என்றனர். இதனைக் கொச்சையென ஒதுக்குவது முறையன்று. திசைச்சொல்லை ஏற்றது தமிழ் மரபு. அகராதியில் இல்லாமை சொல்லின் குற்றமன்று.

ஈயம் என்பதிலும் விழிப்பு வேண்டும். தமிழில் ஈயம் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரு சொற்களாக நிற்பவை இங்கு ஒரு சொல்லில் அடங்குகின்றன. கிந்தாவின் ஈயம் வெள்ளீயமே. வேதியியல் பாடத்திலோ பிரித்தே எழுதுதல் வேண்டும். அணு எண் 50 கொண்டது வேறு, 82 கொண்டது வேறு.

‘டிரெட்ஜ்’ என்னும் சொல் மேலும் நயமுடையது. நீரடியிலிருந்து மண்ணை அள்ளுவதும் டிரெட்ஜ். சமையலில் மாவைத் தூவுவதும் டிரெட்ஜ். ஸ்பானிய மொழியினர் முன்னதை ‘டிராகார்’ என்றும், மாவைக் குறிக்கும் ‘அரினா’ என்னும் சொல்லடியாகப் பின்னதை ‘எனரினார்’ என்றும் பிரித்துரைப்பர். தமிழில் முன்னதற்குத் ‘தூர்வாருதல்’ என்பர். துறைமுகத்திற்கு அது சரி. ஆனால் தூர் என்பது வாரி எறியப்படுவது. கிந்தாவிலோ அச்சேற்றுக்குள்தான் செல்வமே இருந்தது. 1913இல் பத்து காஜா அருகே இயங்கத் தொடங்கிய பொறியும், 1938இல் கட்டப்பட்டு இன்று தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஏறத்தாழ 4,500 டன் எடைகொண்ட பொறியும் தூர்வாரிகள் அல்ல. மலாயர் ‘காப்பால் கோரேக்’, தோண்டும் கப்பல், என்றனர். அந்தக் ‘காப்பால்’ தமிழ்க் கப்பலே. ‘ஈயக் கப்பல்’ என்று எழுதினால் பொருளும் நிறையும்; போன சொல்லும் வீடு திரும்பும்.

1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் இத்தொழில் ஒடுங்கிற்று. குட்டைகள் எஞ்சின, கரைத்தவரும் அரித்தவரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். இனி அவ்வாழ்வை மாணவன் அறிவது எழுத்தின் வழியே. ‘சுரங்கம்’ என்று படிப்பவன், தன் பாட்டன் இருளுக்குள் இறங்கியதாக எண்ணுவான். வெயிலில் முழங்கால் நீரில் நின்ற பாட்டியை அவன் காணமாட்டான்.

ஆதலின், மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும் ஆசிரியர் ‘இச்சொல்லுக்குத் தமிழ் என்ன?’ என்று கேட்பதோடு அமைதல் கூடாது. ‘இங்கே நிகழ்ந்த வினை யாது?’ என்றும் கேட்டல் வேண்டும். வினை தெளிந்தால் சொல் தானே வந்து நிற்கும்.