கொண்டை ஊசி இழை

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையைக் கையில் வாங்கிப் பார்த்தால், 'இதுவா?' என்றுதான் தோன்றும். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி. அதைக் கொண்டை ஊசி போல வளைத்து, பீங்கான் வில்லையில் நிற்கும் இரண்டு கால்களில் பற்றவைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

வெற்றிடத்தில் மின்சாரம் பாய்ச்சி, நுனியைச் சுமார் 2,400 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால், உலோகத்தின் பிடியிலிருந்து எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. சூட்டுக்கும் இந்த உமிழ்வுக்கும் உள்ள கணக்கைக் கண்டறிந்த ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் கிடைத்தது.

ரசிக்க வேண்டியது, இழையைச் சூடேற்றும் கைப்பக்குவத்தை. மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட எலக்ட்ரான் கற்றை வலுக்கும். ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் திருகினால் வெளிச்சம் கூடாது, ஆயுள்தான் குறையும். தேர்ந்தவர் அந்த இடம் வந்ததும் கையை எடுத்துவிடுவார்.

எப்படிப் பார்த்துக்கொண்டாலும் டங்ஸ்டன் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். கம்பி இளைத்து, பெரும்பாலும் நூறு மணி நேரத்துக்குள் அறுந்துவிடும். அப்போது சுற்றியிருக்கும் உலோக மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த கறையைப் பளபளக்கத் தேய்த்து, புது இழையை மூடியின் துளைக்கு நேர் நடுவில் நிறுத்த வேண்டும்.

லாந்தனம் ஹெக்சாபோரைடு என்ற ஊதாநிறப் படிகம் இதைவிடக் குறைந்த சூட்டில் அதிக ஒளிர்வு தரும், நெடுநாள் உழைக்கும். ஆனால் அதற்கு இன்னும் தூய வெற்றிடம் வேண்டும், விலையும் அதிகம். சுமாரான வெற்றிடத்தையும் பழகுநரின் கையையும் பொறுத்துக்கொள்வதால்தான் டங்ஸ்டன் இன்னும் வேலையில் இருக்கிறது.